வேலை எவ்வளவு? விளம்பரம் எவ்வளவு?
வேலூர் 'ஸ்மார்ட் சிட்டி' கணக்கில் காணாத ஒரு வரி!

வேலூர்,
வேலூர் நகரைப் புதுப்பிக்க வந்த 'ஸ்மார்ட் சிட்டி' திட்டம் 2025 மார்ச் 31-ந் தேதியோடு முடிந்துவிட்டது. ரோடு, கால்வாய், பஸ் நிலையம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை சொல்லப்பட்டது. ஆனால், "இதோ செய்கிறோம், அதோ செய்துவிட்டோம்" என்று ஊருக்குச் சொல்வதற்கு ஆன செலவு எவ்வளவு? அது ஒரே பில்லில் அடங்காது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ரூ.2 கோடியில் ஆரம்பம்

மத்திய அரசு 2015 ஜூன் 25-ந் தேதி இத்திட்டத்தைத் தொடங்கியது. போட்டியில் கலந்துகொள்ளும் ஊர்களுக்கு, திட்ட அறிக்கை தயாரிக்க மட்டும் தலா ரூ.2 கோடி ஒதுக்கப்பட்டது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதற்கும் மார்க் உண்டு. ஆகவே மண்வெட்டி மண்ணில் படும் முன்பே விளம்பரம் தொடங்கிவிட்டது.

2016 செப்டம்பரில் மதுரை, சேலம், தஞ்சையோடு வேலூரும் தேர்வானது. ஊர் ஒன்றுக்கு மத்திய அரசு 5 ஆண்டில் ரூ.500 கோடி வரை தரும். மாநில அரசும் மாநகராட்சியும் அதற்கு ஈடாகப் போடவேண்டும் என்பது ஏற்பாடு.

மத்திய நிதியில் 100 ரூபாய்க்கு 93 ரூபாய் வேலைக்கு. 5 ரூபாய் இங்கே நிர்வாகச் செலவுக்கு. 2 ரூபாய் டெல்லி அமைச்சகத்தின் நிர்வாகச் செலவுக்கு. விளம்பரம் என்று தனி வரி இல்லை.

மூன்று பைகள்

டெல்லியின் விளம்பரம் மத்திய மக்கள் தொடர்பகம் வழியாகப் போகிறது. மாநில அரசின் விளம்பரம் செய்தி மக்கள் தொடர்புத்துறை வழியாகப் போகிறது. உள்ளூரில் பந்தல், மேடை, பிளெக்ஸ் தனி. பை மூன்று; பணம் மட்டும் ஒரே ஜனங்களுடையது!

தனி வரி இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு வேறொரு திட்டம் சாட்சி. பெண் குழந்தைகளைக் காக்கும் மத்திய திட்டத்துக்கு 2016 முதல் 2019 வரை விடுவித்த ரூ.446.72 கோடியில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போனது. 2021-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நாடாளுமன்றக் குழு.

காசில்லாமல் கிடைத்த விளம்பரம்

2022 ஜூன் 29-ந் தேதி சுமார் ரூ.53 கோடியில் கட்டிய புதிய பஸ் நிலையத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஆனால் அதே ஜூனில் நாடு முழுக்கப் பேசப்பட்டது வேறு. மெயின் பஜார் பக்கம் காளிகாம்பாள் கோவில் தெருவில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமலே ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். சக்கரம் ரோட்டுக்குள்ளே! ஆகஸ்டில் சத்துவாச்சாரியில் அடிபம்பை உள்ளே வைத்தே கால்வாய் கட்டினார்கள். வேலை கோணலாக இருந்தால் எந்த விளம்பரமும் எடுபடாது என்பதற்கு இந்த இரண்டு போட்டோவும் போதும்.

கோர்ட்டு சொன்னது

அரசு விளம்பரம் கட்சிக்கு லாபம் தேடக்கூடாது, செலவு கட்டுக்குள் இருக்கவேண்டும் என்று 2015 மே 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கட்டுப்பாடு விதித்தது. ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டுமே போடலாம் என்றது. 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி, கவர்னர், முதல்-மந்திரி, மந்திரிகள் படத்துக்கும் அனுமதி தந்தது. முகம் திரும்பி வந்துவிட்டது; கணக்கு?

விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. தெருவைத் தோண்டினால் எத்தனை நாளில் மூடுவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியவேண்டும். பஸ் எங்கே நிற்கும் என்று ஆம்பூரில் இருந்து வேலைக்கு வருகிறவருக்குத் தெரியவேண்டும். அது சேவை. சிரித்த முகம் சேவை அல்ல.

பட்ஜெட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. வேலை நடக்கும் இடத்து போர்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "வேலைக்கு இவ்வளவு, விளம்பரத்துக்கு இவ்வளவு."

அந்த ஒரு வரிக்குப் பெயின்ட் செலவு அதிகம் ஆகாது!