வீட்டு வண்டியும் பாலைக் கடற்கரையும்

மெக்சிக்கோ நாட்டின் வடமேற்கே, பசுபிக் சமுத்திரத்துக்கும் கலிபோர்ணியா வளைகுடாவுக்கும் நடுவே, நீண்டதோர் உடைவாளைப் போலக் கிடக்கின்றது பாஹா கலிபோர்ணியாத் தீபகற்பம். ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் நீளமுடைய இந்நிலத்தின் பெரும்பகுதி கள்ளியும் கற்பாறையும் நிறைந்த பாலையாகும். 1973 ஆம் ஆண்டில் வடக்கெல்லையிலிருந்து தென்முனை வரை தார்வீதி நிறைவுற்றது. அன்று தொடக்கம், குளிர்காலம் வந்ததும் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வீட்டு வண்டிகள் அவ்வழியே தெற்கு நோக்கி வருகின்றன.

வீட்டு வண்டி என்பது யாது? படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் ஆகியவற்றைத் தன்னுள்ளே கொண்டு சில்லுகளின் மேல் ஓடும் ஒரு சிற்றில்லம் அது. இத்தகைய பயணிகள் பெரிதும் விரும்பித் தங்குமிடம், முலேஹே என்னும் ஊருக்குத் தெற்கேயுள்ள கொன்செப்சியோன் குடாவாகும். அங்கே எல் ரெக்கேசோன் என்னும் கரையில், கடல் வற்றும் வேளை மணற்றிட்டொன்று வெளிப்பட்டு, எதிரேயுள்ள சிறு தீவுக்கு நடந்து செல்ல வழி விடுகின்றது. ஓலை வேய்ந்த பந்தல்கள் சில உண்டு. இரவு தங்குவதற்குச் சிறு கட்டணமும் உண்டு. மின்கம்பமோ தண்ணீர்க் குழாயோ மாத்திரம் இல்லை.

அவ்வாறாயின் அவர்கள் நாட்கணக்கில் வாழ்வது எங்ஙனம் என்று மாணவர்கள் வினவலாம்.

மின்சாரம் பெரிய இடராக இருப்பதில்லை. வண்டியின் கூரையில் 400 உவாற்று அளவான சூரியத் தகடுகளைப் பொருத்தினால், வெயில் நன்கு எறிக்கும் நாளில் ஏறக்குறைய ஒன்றரை அலகு மின்சாரம் பற்றரியிற் சேரும். சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கும் இரவு விளக்குகளுக்கும் இது போதும். அறையைக் குளிரூட்டும் இயந்திரத்தை இயக்கினாலோ, அம்மின்சாரம் முழுவதும் ஓரிரு மணி நேரத்திலே தீர்ந்துவிடும்.

தண்ணீரின் கதை வேறு. தீர்ந்த மின்சாரத்தை மறுநாட் சூரியன் ஈடு செய்வான்; தீர்ந்த தண்ணீரை எவர் ஈடு செய்வார்? 200 லீற்றர் தாங்கியோடு வந்த இருவர், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் செலவிட்டால், பத்தாம் நாள் தாங்கி வறண்டுவிடும். ஆகையால் அனுபவமுடையோர் பாத்திரங்களை முதலிற் கடல்நீரிற் கழுவி, இறுதியில் மாத்திரம் நன்னீரில் அலசுவர். குளிக்கும்போது உடலை நனைத்ததும் குழாயை மூடிச் சவர்க்காரம் தேய்த்து, மீண்டும் திறந்து கழுவுவர். குடிநீரை மெக்சிக்கோவெங்கும் விற்கப்படும் 20 லீற்றர்ப் போத்தல்களிலே வாங்கிக் கொள்வர். எனினும், தாங்கியை நிரப்பவரும் தண்ணீர் மழை அருகிய அந்நிலத்து மக்களின் தண்ணீரே என்பதை நாம் மறத்தலாகாது. ஒருவர் வீணாக்கும் வாளி நீர், அவ்வூர் இல்லமொன்றின் வாளி நீராகும்.

இதனினும் பெரிய பொறுப்பு கழிவைப் பற்றியதாகும். கொன்செப்சியோன் குடா ஏறக்குறைய 40 கிலோமீற்றர் உள்ளே நீண்டு, வடக்கே மாத்திரம் வாய் திறந்தது. திறந்த சமுத்திரக் கரையிற்போல அலைகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போகா. மலத்தாங்கியை மணலிலே திறந்துவிடுபவரின் கழிவு, மறுநாட் குழந்தைகள் விளையாடும் நீரையும், மீனவர் மட்டி எடுக்கும் படுகையையும் சென்றடையும். எனவே, நிறைந்த தாங்கியை அதற்குரிய இடம் வரை சுமந்து சென்றே வெறுமையாக்க வேண்டும். குப்பையையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். கலிபோர்ணியா வளைகுடாவின் தீவுகளையும் காப்பிடங்களையும் 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அப்பெருமை பட்டியலினாற் காக்கப்படுவதன்று. அங்கே ஓரிரவு தங்கிச் செல்பவனின் ஒழுக்கத்தினாலும் காக்கப்படுவது.

செல்லுங் காலமும் அறிதல் வேண்டும். மே நடுப்பகுதி முதல் நவம்பர் வரை அப்பக்கத்துச் சமுத்திரத்திற் சூறாவளிப் பருவம். 2014 செப்டெம்பரில் ஓடில் என்னும் சூறாவளி தீபகற்பத்தின் தென்பாதியைப் பெரிதும் சிதைத்தது. குளிர்காலத்திலோ வடகாற்று சில நாட்கள் ஓயாது வீசும்.

மெக்சிக்கோவின் சட்டப்படி கடற்கரை பொதுவுடைமை. அதனை எவரும் தமக்கென அடைத்துக்கொள்ள இயலாது. எல்லார்க்கும் உரியதொன்றைக் காப்பவர் எவருமில்லை என்று எண்ணுதல் மனித இயல்பு. தன் தண்ணீரைத் தானே அளந்து, தன் கழிவைத் தானே சுமந்து செல்லும் பயணியோ அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றான். வாசகர்களே, குழாயைத் திறந்தால் நீர் வரும் நம் இல்லங்களிலும் அவ்வளவையை ஒரு நாளேனும் செய்து பார்த்தல் நன்று.