பெடல் வாங்குமுன் விசாரியுங்கள்



சென்னையில் பணிபுரியும் நீங்கள், விடுமுறைக்கு நாராயணவனம் செல்லும்போது, ஊர்ச் சபையின் டிஜிட்டல் பியானோவுக்கு ஒரு சஸ்டெயின் பெடல் வாங்கிச் செல்ல விரும்பலாம். விரலை எடுத்த பின்னும் நாதத்தைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்வது அதுவே. ஆயினும் எல்லாப் பெடலும் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. புத்தூரில் இறங்கி ஊர் சேர்ந்தபின் அதை மாற்றுவது எளிதன்று.

சாதாரணப் பெடல் ஒரு சுவிட்சே. கேசியோ பெடலை மிதித்தால் மின்சுற்று இணையும். யமஹாவின் எஃப்சி5 பெடலை மிதித்தால் துண்டிக்கப்படும். வகை மாறினால், மிதிக்காதபோது நாதம் நீளும், மிதித்தால் நின்றுவிடும்.

ஆகவே கருவியின் மாடல் எண்ணையும் பின்புறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெடல் செருகும் துளை பெரும்பாலும் 6.35 மி.மீ. அளவுடையது; சிறிய துளையானால் அதற்கேற்ற பெடல் வேண்டும். பொருந்தும் பெடல்களின் பெயர் கையேட்டில் இருக்கும். யமஹா எஃப்சி3ஏ போன்ற, பாதி மிதிப்பையும் உணர்த்தும் பெடல் விலை கூடியது. கருவி அதை ஏற்றாலன்றி அப்பணம் வீணே. விவரம் கிடைக்காவிடில், எம்-ஆடியோ எஸ்பி-2 போல, வகையை மாற்றும் சுவிட்ச் உள்ள பெடலை வாங்குங்கள்.

பெடல் தலைகீழாக இயங்கினால், பழுதென்று உடனே தள்ளாதீர்கள். கருவியை அணைத்து, பெடலைச் செருகி, அதன்மேல் கால் வைக்காமல் மீண்டும் இயக்குங்கள். பல கருவிகள் அவ்வேளையில்தான் பெடலின் வகையை அறிந்துகொள்கின்றன.

காணிக்கை சிறிதாயினும், பயன்படும்படி விசாரித்துக் கொடுப்பது நலம்.