"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்"

என்ர தோழி ஒருத்திக்குப் போன மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு பெரிய இடம். ரவுணில கடைகள், இரண்டு மாடி வீடு. குறிப்பும் பொருந்தியிட்டுது. பெண் பார்க்க வந்த பெடியனின்ர அம்மா, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் காணும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனாவாம். அண்டைக்கிருந்து அவள் வீட்டில ஒருத்தருக்கும் கால் நிலத்தில இல்லை. வளவு எழுதத் தேவையில்லை, டொனேசனும் இல்லை. "இதை விட வேறென்ன வேணும்?" எண்டு அவளின்ர மாமி எனக்கே வகுப்பெடுத்தா.

சீதனம் ஒழிய வேணும் எண்டு கத்துற ஆள்தான் நானும். ஆனால் இந்த "வேண்டாம்" எனக்குச் சரியாப் படேல்லை.

எங்கட ஊரில சீதனம் எண்டால் பெரும்பாலும் வீடும் வளவும் பிள்ளையின்ர பேரில உறுதி முடிச்சுக் குடுக்கிறது. மாப்பிள்ளை பகுதிக்குப் போற காசுதான் டொனேசன். அது பல வீடுகளில மாப்பிள்ளையின்ர தங்கச்சிக்குச் சீதனமாப் போயிடும். இரண்டையும் ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கதைக்கிறம். வீடு கட்டி முடிக்க ஏலாமல் கடனாளியான அப்பாமாரை எனக்கும் தெரியும், அதை நியாயப்படுத்த வரேல்லை. ஆனால் வீடு அவளின்ர பேரில இருந்தால், சண்டை வாற நாளில பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டியது அவளில்லை.

அந்த வீடும் முழுசா அவளுக்கு எண்டில்லை, அது வேற கதை. தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. நகையை விற்க வேண்டியதில்லை, காணிக்கு மட்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. அவன் விட்டிட்டுப் போனால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றம் ஏற வேணும். போருக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் கையெழுத்துக்கு எங்க போறது எண்டு தெரியாமல் நொத்தாரிசின்ர வாசலில நிண்ட பெண்கள் எத்தினை பேர்!

இனி அந்தப் பெரிய வீட்டுக்கு வருவம். அது தகப்பன் வழி வாற முதுசம், அவனுடைய தனிச்சொத்து. கலியாணம் கட்டினதால அவளுக்குப் பாதி வந்திடாது. தேடியதேட்டம் எண்டது கலியாணத்துக்குப் பிறகு உழைச்சு வாங்கிறது. ஆனால் பெடியனின்ர அம்மா இன்னொண்டும் சொன்னவா: "படிப்பை முடிக்கட்டும், வேலைக்குத்தான் போகத் தேவையில்லை." அப்ப சீதனமும் இல்லை, சம்பளமும் இல்லை, முதுசத்திலயும் பங்கில்லை. சாப்பாடு, சாறி, காருக்குக் குறைவிருக்காது. எல்லாம் கேட்டுத்தான் வாங்க வேணும்.

நான் அவளை மாட்டன் எண்டு சொல்லச் சொல்லேல்லை. பெடியனை அவளுக்குப் பிடிச்சிருக்கு, அது அவளின்ர விசயம். வீட்டில முதல் ஒரு கேள்வி கேள் எண்டு மட்டும் சொன்னன். கேட்டிட்டாள்: "அப்பா, அவை வேண்டாம் எண்டது தங்களுக்கு. எனக்கு வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? எனக்கெண்டு வைச்ச வளவை என்ர பேரிலயே எழுதுங்கோ."

அங்கிள் இன்னும் மறுமொழி சொல்லேல்லையாம். மாமி என்னோட கதைக்கிறதை விட்டிட்டா. வாற ஞாயிறு பெடியனோட தனியக் கதைக்க விடுகினம், வேலைக் கதையை அப்ப எடுக்கப் போறாள்.