சங்கு ஊதாத ஆலைகள்

பாலவாக்கத்துக்குக் குடிவந்து பதினாறு வருஷம் ஆகிறது. கடல் சத்தம் பழகிவிட்டது. ஆனாலும் விடியற்காலையில் முழிப்பு வந்தால் காது வேறொன்றைத் தேடும். பின்னி மில் சங்கு! பட்டாளம் பக்கம் நாங்கள் இருந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. அப்பா வேலைக்குக் கிளம்புவதும் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதும் அந்தச் சங்கை வைத்துத்தான்.

2021 கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் என்னை ஆலப்புழைக்கு அழைத்துப் போனார்கள். படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்குவது என்று திட்டம். மறுநாள் 'லோகமே தறவாடு' ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். 260-க்கும் மேற்பட்ட மலையாளக் கலைஞர்களின் படைப்புகள். எனக்கு நவீன ஓவியம் அவ்வளவாகப் புரியாது. படங்களை விட்டுவிட்டுச் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பழைய கயிற்று ஆலைக் கட்டடங்கள்.

ஆலப்புழை ஒரு காலத்தில் தொழில் நகரம். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். உப்பங்கழியில் மட்டையை ஊறவைத்து, பெண்கள் நார் திரித்து, ஆண்கள் தறியில் பாய் நெய்து, கப்பலேற்றினார்கள். 1922-லேயே அங்கே தொழிலாளர் சங்கம் வந்துவிட்டது. 1946-ல் புன்னப்புரா வயலாரில் ரத்தம் சிந்தியவர்களில் கயிற்றுத் தொழிலாளிகளும் உண்டு. கொச்சித் துறைமுகம் வளர்ந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. கடல்பாலத்தின் இரும்புத் தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் இன்று நம்மைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகின்றன. மூடிய ஆலைகள் அருங்காட்சியகங்களாக மாறி வருகின்றன.

ஒரு மூலையில் பழைய தறி இருந்தது. காவலுக்கு இருந்த பெரியவரிடம், "இதை எப்படி ஓட்டுவார்கள்?" என்று கேட்டேன். மிதிப்பலகையில் கால் வைத்துக் காட்டினார். இளவயதில் தறியில் வேலை பார்த்தவராம். "நிறைய பேர் வர்றாங்க சாரே, போட்டோ எடுக்கறாங்க. எப்படி ஓட்டறதுன்னு கேட்டது நீங்கதான்" என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தறிச் சத்தம் மாறினாலே எங்கே இழை அறுந்தது என்று சொல்லிவிடுவார் அவர்.

பத்துப் பேருக்கு வேலை தரும் கண்காட்சி, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட ஆலைக்கு ஈடாகுமா? ஆகாது. அதை மறைத்து, ஊர் மறுபிறவி எடுத்துவிட்டது என்று மேளம் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கட்டடம் நிற்கிறது. கேட்டால் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். அதுவே பெரிய விஷயம்.

நம் பின்னி மில்லை எண்ணிப் பாருங்கள். 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் தொழிலாளிகளுக்காகத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1996-ல் மில் மூடியது. பிறகு சினிமா ஷூட்டிங். என் பேரனுக்கு அது வில்லன் ஆட்களைக் கட்டிவைத்து அடிக்கும் இடம்! இப்போது அடுக்குமாடி வீடுகள். கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த இடத்தைக் காட்டலாம் என்று அவனை அழைத்துப் போனேன். எது எந்த இடம் என்று எனக்கே பிடிபடவில்லை.

வீடு கட்டியதைக் குறை சொல்லவில்லை. ஜனங்களுக்கு வீடு வேண்டும். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ஆலைக்கு ஒரு கூடம் ஒதுக்க முடியாதா? ஒரு தறி, கொஞ்சம் காக்கித் துணி, பழைய சம்பளச் சீட்டு, வேலை பார்த்தவர்களின் பெயர்கள். இவ்வளவு போதும். பிள்ளைகள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சங்கு எங்காவது கிடைத்தால் அதையும் வைக்கலாம். தினம் ஊத வேண்டாம், மே முதல் தேதி ஒரு தரம் ஊதினால் போதும். பாலவாக்கம் வரை கேட்காதுதான். எனக்குக் கேட்கும்.