கைக்குத் தெரிந்த பட்டன்

நம் செங்கல்பட்டுப் பக்கம் ஆலை வைத்திருக்கும் பிஎம்டபிள்யூவின் 5 சீரிஸ் கார் பற்றி ஓர் ஆதங்கம். வாங்கும் வசதி எனக்கில்லை. பேசக் காசு வேண்டாமே!

1972இல் வந்த முதல் வண்டியின் நீளம் 4.6 மீட்டர். 2023இல் வந்த எட்டாம் தலைமுறை 5 மீட்டரைத் தாண்டிவிட்டது. அது போகட்டும். 1981இல் வந்த இரண்டாம் தலைமுறையில் டேஷ்போர்டையே ஓட்டுநர் பக்கம் திருப்பி வைத்த கம்பெனி இது. 2003இல் நடுவே ஐடிரைவ் திருகு வந்தபோதும் ஏசிக்குத் தனியாகப் பட்டன்கள் இருந்தன. தடவிப் பார்த்தே அழுத்தலாம். இப்போது ஏசியும் தொடுதிரைக்குள் போய்விட்டது.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகள் மேல் கண் வைத்தபடியே சாக்பீஸைத் துழாவி எடுத்தவன் நான். ஏசியைக் குறைக்க ஓட்டுநர் சாலையை விட்டுக் கண்ணை எடுப்பதா? ஒன்பதாம் தலைமுறையிலாவது அந்தப் பட்டன்களைத் திருப்பித் தரட்டும்.