வயசாயிடுச்சு, அவ்ளோதான்!

எங்க வீட்டு மணிக்கு என்ன வயசுன்னு யாருக்கும் தெரியாது. கூடுவாஞ்சேரில நாங்க குடிவந்த புதுசுல, 2014ல, நந்திவரம் ஏரிப் பக்கமிருந்து தானா வந்து கேட்டுக்குள்ள படுத்துக்கிட்டவன். பக்கா நாட்டு நாய். அப்பவே வளர்ந்த ஆளு.

போன வருஷ மழைக்காலத்துல இருந்து ஐயா மொட்டைமாடிப் படி ஏறுறதில்ல. கேட்டு சத்தம் கேட்டாலும் எழுந்திரிக்கிறதில்ல. "திமிரப் பாரு"ன்னாங்க அம்மா. நான் பெரிய மேதாவி மாதிரி, "வயசாயிடுச்சும்மா, அவ்ளோதான்"னேன். காட்டின டாக்டரும் அதையே சொல்லி ஒரு ஊசியப் போட்டு அனுப்பிட்டார். நாலு மாசம் அப்படியே போச்சு.

அப்புறம் தங்கமணி பிடுங்கல் தாங்காம கார்ல அள்ளிப்போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம் (1903ல ஆரம்பிச்ச காலேஜ்). எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சிருக்கு. அவன் சோம்பேறியா இல்ல மக்களே, நாலு மாசமா வலியில இருந்திருக்கான். நாய் 'வலிக்குது'ன்னு கத்தும்னு நெனச்சா, அது பேசாம படுத்துக்குது.

அதான் சொல்றேன், இந்த "வயசாயிடுச்சு"ங்கற வார்த்தைய நம்பாதீங்க. முதுமை நோய் இல்ல. ஆனா மூட்டு, பல்லு, கிட்னி, தைராய்டுன்னு எல்லா நோயும் அது பின்னாடி ஒளிஞ்சுக்கும். கிட்னியே எடுத்துக்கோங்க. முக்கால்வாசி கெட்டுப்போன பிறகுதான் ரத்தத்துல கிரியாட்டினின் ஏறும். அதுக்கு முன்னாடியே அது நெறைய தண்ணி குடிக்க ஆரம்பிச்சிருக்கும். நாம என்ன சொல்லுவோம்? "நம்மூரு வெயிலுக்கு குடிக்குது!"

ஒரு நாய் வருஷம் ஏழு மனுஷ வருஷம்னு ஒரு கணக்கு சுத்துதே, அதையும் தூக்கிப் போடுங்க. 2020ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆளுங்க 104 லாப்ரடார்களோட டி.என்.ஏ.வ ஆராய்ஞ்சு வேற கணக்கு சொன்னாங்க. அதுப்படி ஒரு வயசு லாப் நம்ம 31 மாதிரி, நாலு வயசு 53, பன்னெண்டு வயசு 71. அதாவது ஆரம்பத்துல ராக்கெட் வேகம், அப்புறம் நிதானம். இதுவும் லாப்ரடாருக்குத்தான், எல்லா ஜாதிக்கும் அப்படியே பொருந்தாது. கிரேட் டேன் மாதிரி பெரிய உருப்படி ஆறு வயசுலயே கிழவன். பொமரேனியன் அந்த வயசுல வீட்டையே ரெண்டாக்கும். எதிர்பார்க்கிற ஆயுசுல கடைசி கால்வாசி வந்தா சீனியர்னு வச்சுக்கறதுதான் உருப்படியான வழி.

பூனை கதை வேற. பத்து தாண்டினா சீனியர். ஆனா அது வலிய மறைக்கறதுல மணிக்கே அண்ணன். பக்கத்து வீட்டு மாமியோட பூனை சன்ஷேடுக்குத் தாவறத நிறுத்திட்டு, ஸ்டூல் மேல ஏறி ஏறிப் போக ஆரம்பிச்சுது. முதுகுப் பக்கம் நக்கறதும் நின்னு முடி சடை விழுந்துருச்சு. மாமி பாசத்துல பாராசிட்டமால் அரை மாத்திரை பொடிச்சு பால்ல கலக்கப் போனாங்க. நான் சுவரேறிக் குதிக்காத குறை! பூனைக்கு அது விஷம். அரை மாத்திரையே ஆளக் கொன்னுடும். நம்ம வலி மாத்திரை எதையும் டாக்டர் சொல்லாம நாய்க்கும் கொடுக்காதீங்க.

கண்ணுல நீலமா மங்கல் தெரிஞ்சா உடனே காட்ராக்ட்னு பதற வேணாம். வயசான நாய்க்கு லென்ஸ் அப்படி ஆகறது சகஜம், பார்வை பெரும்பாலும் இருக்கும். எதுக்கும் காட்டிருங்க.

மணிக்கு இப்ப மாத்திரை, மெத்தை, தயிர்சாதத்துல கட்டுப்பாடு (அம்மாவுக்குத் தெரியாம நான் குறைக்கறேன், எனக்குத் தெரியாம அவங்க போடறாங்க). ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தப் பரிசோதனை. மொட்டைமாடிக்கு இன்னும் ஏறல. ஆனா நேத்து சாயந்தரம் கேட்டு சத்தம் கேட்டு எழுந்து வந்தான். பால்காரர்தான். ஒரு குரை குரைச்சுட்டு திரும்பிப் போய்ப் படுத்துட்டான்.