மழை நாளிலும் விசர் வரும்

"வெயில் ஏறினால்தான் நாய்க்கு விசர் பிடிக்கும். நம்ம ஊரில் ஏது வெயில்?"

நாவலப்பிட்டிக் கடைத்தெருவிலும் சரி, சுற்றுத் தோட்டங்களின் லயங்களிலும் சரி, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால் இப்படித்தான் பதில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் நனையும் ஊர் இது. அந்த ஈரமே காவல் என்று நம்பி ஊசியை அடுத்த பங்குனிக்குத் தள்ளிப்போடுகிறோம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

விசர் சூட்டினால் வரும் நோயல்ல. நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கும் வைரஸ் கடிவாய் வழியாக உள்ளே போய், நரம்போடு ஊர்ந்து மூளைக்கு ஏறுகிறது. மனிதரில் அது வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்தில் வெளிப்பட்டதும் உண்டு, ஓர் ஆண்டு சென்று வெளிப்பட்டதும் உண்டு. நாயிலும் கடிபட்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ ஓடிவிடும். பங்குனியில் கடிபட்ட நாய் ஆனி மழையில் விசர் கொள்ளலாம். இதில் வெயிலுக்கு என்ன வேலை?

கோடையில் சீரியஸ் விண்மீன் எழும் நாட்களில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று பண்டைய ரோமர்களும் நம்பினார்கள். அவர்களிடம் தடுப்பூசி இருக்கவில்லை. 1885இல் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி ஏற்றிக் காப்பாற்றிய பிறகும் அதே பேச்சைப் பேச நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 1973இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. இந்த ஐம்பது ஆண்டில் வெயிலா தணிந்தது? நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் போட்ட ஊசிதான் கூடியது.

மழைக்காலம் நோயைத் தடுப்பதில்லை, மறைத்துவிடுகிறது. விசர் என்றால் வாயில் நுரை தள்ளித் தெருவெல்லாம் ஓடிக் கடிக்கும் நாயைத்தான் நினைக்கிறோம். ஊமை விசர் என்று ஒன்று உண்டு. நாய் இருட்டு மூலையில் ஒடுங்கிவிடும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. அடைமழை நாளில் இஸ்தோப்பு மூலையில் அப்படிக் கிடந்தால் "பாவம், குளிர் பிடித்துவிட்டது" என்று சாக்குப் போர்த்துகிறோம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கையையும் விடுகிறோம். மாடு எச்சில் ஒழுக்கினாலும் இதே கைதான் உள்ளே போகிறது. இந்தப் பரிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் சிறு கீறல் இருந்தால் போதும், வைரஸ் உள்ளே போக.

தண்ணீர் வைத்துச் சோதிப்பதும் வீண். விசர் கொண்ட நாய் தண்ணீருக்கு அஞ்ச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது தண்ணீர்க் கோப்பையில் வாய் வைத்ததைப் பார்த்து நிம்மதியடைந்து, கடிபட்ட பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது பெருங்கொடுமை. நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பவர் ஏறக்குறைய இல்லை. குட்டி நாய் கடித்தாலும், பூனை பிறாண்டினாலும், கீரி கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பாதீர்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசிக்குக் காசில்லை.

பழியெல்லாம் சனங்கள் மேல் என்று நான் சொல்லவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்தால் தோட்டத்தில் அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து நாய்க்கு ஊசி போடு என்று யாரிடம் சொல்வது? நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லயத்து நாய்களை விட்டுவிட்டு அந்த எழுபதை எங்கே தேடுவது? ஊசிக் குழு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வரட்டும். வேலை முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வரட்டும். ஆடி மழை கொட்டினாலும் வரட்டும்.